மேட் திரையா, கிளாஸி திரையா: லேப்டாப் வாங்கும் முன் உங்கள் முதுகுப் பக்கம் பாருங்கள்

லேப்டாப் வாங்கக் கிளம்புகிறவர்கள் பிராசஸர், ரேம், ஸ்டோரேஜ் மூன்றையும் துருவித் துருவி ஒப்பிடுவார்கள். திரை என்று வந்தால் எத்தனை அங்குலம், எவ்வளவு ரெசல்யூஷன் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதன் மேற்பரப்பு மேட்டா (பளபளப்பில்லாதது), கிளாஸியா (கண்ணாடிபோலப் பளபளப்பது) என்று கேட்பவர்கள் குறைவு. ஸ்டோரேஜ் போதாவிட்டால் வெளியே ஒரு டிரைவைச் சொருகிக்கொள்ளலாம். திரையின் மேற்பரப்பு பிடிக்காவிட்டால் அந்த லேப்டாப்பின் ஆயுள் முழுக்க அதோடுதான் குடித்தனம்.

கேட்கிற சிலருக்கும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "வேலைக்கு மேட், படம் பார்க்க கிளாஸி." இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி நீங்கள் உட்காரும் இடத்தில் இருக்கிறது. அதே ஆள், அதே வேலை, அதே லேப்டாப். மேசையை மட்டும் திருப்பிப் போட்டால் பதில் மாறிவிடும். அதனால் முதலில் இடம், அப்புறம் வெளிச்சக் கணக்கு, கடைசியாகத்தான் மேட்டா கிளாஸியா என்று போவோம்.

முதல் படி: உட்காரப்போகும் இடத்தைச் சோதிப்பது

புது லேப்டாப் இன்னும் கையில் இல்லையா, பரவாயில்லை. கைபேசி போதும். அதன் திரையை அணைத்துவிட்டு, லேப்டாப் திரை எங்கே வருமோ அங்கே, ஏறக்குறைய அதே சாய்வில் நிறுத்துங்கள். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அந்தக் கறுப்புக் கண்ணாடியில் என்னென்ன தெரிகிறதோ, அவையெல்லாம் சாதாரண கிளாஸி திரையிலும் தெரியும். (2024 முதல் வந்த சில உயர்விலைக் கைபேசிகளில் பிரதிபலிப்பைக் குறைக்கும் தனிக் கண்ணாடி இருக்கிறது. உங்களுடையது அந்த ரகம் என்றால் வேறொரு கைபேசியை எடுத்துக்கொள்ளுங்கள்.)

காலை, மதியம், விளக்கு போட்ட பிறகு என்று மூன்று வேளை இதைச் செய்யுங்கள். பார்க்க வேண்டியது மூன்று விஷயங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கிறதா? தலைக்கு மேல் இருக்கும் விளக்கு திரைக்குள் விழுகிறதா? இரண்டும் இல்லையென்றால், பின்சுவர் வெள்ளையா, அடர் நிறமா? ஜன்னல் தெரிந்தால் அதுதான் பெரிய எதிரி. விளக்கு மட்டும் தெரிந்தால் திரையைக் கொஞ்சம் சாய்த்தோ நாற்காலியை ஒரு சாண் நகர்த்தியோ தப்பிக்கலாம். வெள்ளைச் சுவர் சமாளிக்கக்கூடியது. எவ்வளவு சமாளிக்கலாம் என்பதைக் கணக்கோடு பின்னால் பார்ப்போம்.

லேப்டாப்பை ஒரே இடத்தில் வைக்கப்போவதில்லை, கல்லூரி, ரயில், வராந்தா என்று தூக்கிக்கொண்டு அலையப்போகிறீர்கள் என்றால் இந்தச் சோதனை உங்களுக்குப் பாதிதான் உதவும். அப்படிப்பட்டவர்கள் "முதுகுக்குப் பின்னால் ஜன்னல் உண்டு" என்றே வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லாதவர், மோசமான இடத்துக்குத் தயாராக வாங்குவதுதான் சரி.

இரண்டாம் படி: திரைமேல் விழும் வெளிச்சம் என்ன ஆகிறது

பூச்சு எதுவும் இல்லாத கண்ணாடிமேல் நேராக விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதம் திரும்பி வரும். இது கண்ணாடியின் இயல்பு. யார் தயாரித்தாலும் மாறாது. மெருகேற்றிய கருங்கல்லில் முகம் தெரிகிறது, அதே கல்லைக் கொத்திவிட்டால் தெரிவதில்லை, இல்லையா? கிளாஸிக்கும் மேட்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். கிளாஸி திரையில் அந்த 4 சதவீதம் ஒழுங்காக ஒரே திசையில் திரும்புகிறது. அதனால் ஜன்னல் ஜன்னலாகவே தெரிகிறது. மேட் திரையின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாக இருப்பதால், அதே வெளிச்சம் பல திசைகளில் சிதறுகிறது. ஜன்னலின் உருவம் கலைந்து, திரைமேல் ஒரு வெளிறிய மூட்டமாகப் பரவுகிறது.

இங்கே பலர் தடுமாறுவார்கள். மேட் திரை வெளிச்சத்தை விழுங்கிவிடுவதில்லை. வந்த வெளிச்சத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது, அவ்வளவே. பளிச்சென்று ஓர் இடத்தில் அடிக்க வேண்டியது, திரை முழுக்க மெல்லிசாகப் பரவிவிடும். அறைக்குள் இது பெரும்பாலும் லாபம். சிதறிய மூட்டத்தை மூளை சீக்கிரம் மறந்துவிடும். ஜன்னல் கம்பியும் பின்னால் நடந்துபோகும் ஆளும் தெளிவாகத் தெரிந்தால் மறக்காது. இன்னொன்றும் உண்டு. பிரதிபலிப்பு திரையின் பரப்பில் இருப்பதாக நமக்குத் தோன்றினாலும், ஒளியியல்படி அது திரைக்குப் பின்னால் இருக்கிறது. திரையிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கும் விளக்கு, திரைக்கு 3 மீட்டர் பின்னால் இருப்பதுபோலத்தான் கண்ணுக்குப் படும். எழுத்து ஒரு தூரத்திலும் விளக்கு வேறொரு தூரத்திலும் இருக்க, நாள் முழுக்க இரண்டுக்கும் நடுவே கண் அலைபாயும்.

ஆனால் நேர் வெயிலில் கதை மாறுகிறது. நண்பகல் வெயிலின் வெளிச்சம் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் (ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தின் அளவு). அதில் வெறும் 1 சதவீதம் எல்லாத் திசையிலும் சிதறினாலே திரைமேல் 300 நிட்ஸுக்கு (பிரகாசத்தின் அளவு, விவரம் அடுத்த படியில்) மேல் வெள்ளை மூட்டம் படிந்துவிடும். பல லேப்டாப்புகளின் முழு வெளிச்சமே அவ்வளவுதான். கிளாஸி திரையில் சூரியனின் உருவம் ஒரு புள்ளியாக விழுவதால், திரையைச் சாய்த்து அந்தப் புள்ளியை வேறு பக்கம் தள்ளிவிட வழி இருக்கிறது. மேட் திரையில் எப்படிச் சாய்த்தாலும் மூட்டம் கூடவே வரும். "வெளியே உட்கார்ந்து வேலை பார்க்க மேட்தான்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது அதனால்தான் சரியில்லை. நிழலில் மேட் நன்று. நேர் வெயிலில் இரண்டுமே தோற்கும். எந்தத் திரைக்கு வெளிச்சம் அதிகமோ அது கொஞ்சம் தாமதமாகத் தோற்கும்.

மேட், கிளாஸி என்ற இரண்டு கட்சிக்கு நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. வாங்குகிறவர்கள் அதைத்தான் கவனிப்பதே இல்லை. ஆன்டி-ரிஃப்ளெக்டிவ் பூச்சு. மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்குத் தெரியும், லென்ஸை விளக்குக்கு நேரே திருப்பினால் பச்சையாகவோ ஊதாவாகவோ ஒரு சாயல் அடிக்குமே, அதேதான். கண்ணாடிமேல் சுமார் 100 நானோமீட்டர் தடிமனில் ஒரு படலம் பூசுகிறார்கள். படலத்தின் மேல்பக்கம் பட்டுத் திரும்பும் ஒளி அலையும் அடிப்பக்கம் பட்டுத் திரும்பும் ஒளி அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பல அடுக்காகப் பூசினால் 4 சதவீதம் என்பது 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். இங்கே வெளிச்சம் சிதறவில்லை, நிஜமாகவே குறைகிறது. கறுப்பும் கறுப்பாகவே இருக்கும், எழுத்தின் கூர்மையும் கெடாது.

மூன்றாம் படி: நிட்ஸ் கணக்கு

கொஞ்சம் எண்கள் வரும். பயப்பட வேண்டாம், கூட்டல், வகுத்தல் மட்டும்தான்.

நிட்ஸ் என்பது ஒரு பரப்பு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதன் அளவு. விலை குறைந்த லேப்டாப் திரைகள் 250 முதல் 300 நிட்ஸ் வரை கொடுக்கும். 400, 500 என்றால் நல்ல திரை. இப்போது முதுகுக்குப் பின்னால் வானம் தெரிகிற ஜன்னல் ஒன்று இருப்பதாக வைப்போம். பகல் வானத்தின் பிரகாசம் சில ஆயிரம் நிட்ஸ் இருக்கும். 3000 என்றே எடுத்துக்கொள்வோம். அதில் 4 சதவீதம் என்றால் 120 நிட்ஸ். திரையில் வெள்ளைப் பின்னணி 300, கறுப்பு எழுத்து ஏறக்குறைய 0. இரண்டின் மேலும் 120 ஏறுகிறது. 420-க்கு 120, அதாவது 3.5-க்கு 1. இணையதளங்களுக்கான அணுகல்தன்மை விதிகள் சாதாரண எழுத்துக்குக் குறைந்தபட்சம் 4.5-க்கு 1 என்ற மாறுபாட்டைக் கேட்கின்றன. ஜன்னல் விழுந்த இடத்தில் உங்கள் திரை அந்த எல்லைக்கும் கீழே போய்விட்டது.

அதே ஜன்னல், அதே 300 நிட்ஸ், ஆனால் பிரதிபலிப்பை 1 சதவீதமாகக் குறைக்கும் பூச்சு இருக்கிறது என்றால்? 330-க்கு 30. அதாவது 11-க்கு 1. பூச்சு இல்லாமல் வெளிச்சத்தை மட்டும் 500 நிட்ஸாக ஏற்றினால்? 620-க்கு 120, கிட்டத்தட்ட 5-க்கு 1. திரையைப் பிரகாசமாக்குவதைவிடப் பிரதிபலிப்பைக் குறைப்பது எவ்வளவு ஆதாயம் என்று பாருங்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் பேட்டரியும் சேர்ந்து கரையும்; பூச்சு பேட்டரியைத் தொடுவதில்லை.

வெள்ளைச் சுவர் விஷயத்துக்கு வருவோம். நல்ல அலுவலக வெளிச்சம் 500 லக்ஸ். அந்த வெளிச்சத்தில் வெள்ளைச் சுவரின் பிரகாசம் 125 நிட்ஸ் அளவில் இருக்கும். 4 சதவீதம் என்றால் 5 நிட்ஸ்தான். வெள்ளைப் பக்கத்தில் எழுத்து படிக்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் இருட்டான படக்காட்சி பார்க்கிறவருக்குத் தெரியும். லேப்டாப்புகளில் பரவலாக வரும் ஐபிஎஸ் வகைத் திரையில் வழக்கமான கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம், 1000-க்கு 1; வெள்ளை 300 என்றால் கறுப்பு 0.3. அதன்மேல் 5 ஏறினால் 305-க்கு 5.3, அதாவது 57-க்கு 1. விளம்பரத்தில் போட்ட ஆயிரம், விளக்கு எரிகிற சாதாரண அறையிலேயே அறுபதுக்குக் கீழே வந்துவிட்டது. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ந்து தானே அணையும் ஓஎல்இடி திரையின் கணக்கில்லாத கான்ட்ராஸ்டுக்கும் இதே அறையில் ஏறக்குறைய இதே கதிதான். முழுப் பலன் வேண்டுமென்றால் விளக்கை அணைக்க வேண்டும்.

இதிலிருந்து பணம் செலவில்லாத ஓர் உபாயம் கிடைக்கிறது. கிளாஸி திரையில் டார்க் மோட் வைத்துக்கொண்டு பகலில் வேலை செய்தால் திரையில் பாதி முகம் பார்க்கும் கண்ணாடிதான். வெள்ளைப் பின்னணிக்கு மாறினால் அதே பிரதிபலிப்பு அமுங்கிப்போகும். டார்க் மோட் கண்ணுக்கு நல்லது என்று பிடிவாதமாக இருப்பவர்கள், ஜன்னல் அருகே உட்காரும்போதாவது அந்தப் பிடிவாதத்தைத் தளர்த்தலாம். வெளியே நிழலில் உட்காரும்போது வெள்ளைச் சட்டையைத் தவிர்ப்பதும் இதே கணக்குதான். நிழலில் 10,000 லக்ஸ் இருந்தால் வெள்ளைச் சட்டை 2500 நிட்ஸ் அளவுக்குப் பிரகாசிக்கும். திரையில் உங்கள் சட்டை 100 நிட்ஸில் ஓடிக்கொண்டிருக்கும்.

நான்காம் படி: ஸ்பெக் தாளைப் படிப்பது

ஆன்டி-கிளேர், நான்-கிளேர், ஏஜி என்று இருந்தால் மேட். ஆன்டி-ரிஃப்ளெக்டிவ், ஏஆர் என்று இருந்தால் மேலே சொன்ன பூச்சு. எதுவுமே எழுதவில்லை என்றால், அதிலும் டச் ஸ்கிரீன் என்றால், கிளாஸி என்று எடுத்துக்கொள்ளுங்கள். தொடுதிரைகளில் மேலே ஒரு கண்ணாடித் தகடு வரும், அது பெரும்பாலும் கிளாஸிதான். விதிவிலக்காக மேட் தொடுதிரைகளும் உண்டு. இருந்தால் தாளில் பெருமையாகச் சொல்லியிருப்பார்கள். சில தயாரிப்பாளர்கள் ஏஜியையும் ஏஆரையும் குழப்பி எழுதுவதும் நடக்கிறது. அடுத்த படியில் இருக்கும் டார்ச் சோதனை அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

ஐபிஎஸ், டிஎன், விஏ, ஓஎல்இடி இவையெல்லாம் உள்ளே இருக்கும் பேனலின் வகைகள். மேற்பரப்புக்கும் இவற்றுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. ஐபிஎஸ்ஸில் மேட்டும் உண்டு, கிளாஸியும் உண்டு. ஓஎல்இடி லேப்டாப்புகள் பெரும்பாலும் கிளாஸியாக வருவதற்குக் காரணம், அந்த ஆழமான கறுப்பின்மேல் மூட்டம் படியக் கூடாது என்பதுதான்.

விளம்பரப் பெயர்களிலும் கவனம் வேண்டும். 2000-களின் நடுவில் கிளாஸி திரைகள் வந்தபோது ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பட்டப்பெயர் வைத்தது: சோனிக்கு எக்ஸ்பிரைட், ஹெச்பிக்கு பிரைட்வியூ, டெல்லுக்கு ட்ரூலைஃப், டோஷிபாவுக்கு ட்ரூபிரைட். பளபளப்பு என்று யாரும் சொல்லவில்லை, பிரகாசம் என்றார்கள். கடை அலமாரியில் அது எடுபட்டது, ஏனென்றால் அங்கே ஓடும் டெமோ வீடியோ கறுப்புப் பின்னணியும் அடர் நிறங்களும் கொண்டதாக இருக்கும். அதற்கு முன்பு வரை லேப்டாப் என்றாலே மேட்தான். பிறகு வீட்டு உபயோக மாடல்கள் கிளாஸி பக்கம் போயின. திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் போன்ற அலுவலக வரிசைகள் பெரும்பாலும் மேட்டிலேயே நின்றுவிட்டன. ஆப்பிள் தன் மேக்புக் ப்ரோவில் கொஞ்ச காலம் மேட் திரையையும் ஒரு தேர்வாகக் கொடுத்தது. 2012-இல் வந்த ரெட்டினா மாடலில் அந்தத் தேர்வு இல்லாமல் போனது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2024-இல், நேனோ-டெக்ஸ்ச்சர் என்ற பெயரில் அது திரும்பி வந்திருக்கிறது, கூடுதல் விலையோடு. இதில் மேலே படலம் ஒட்டுவதில்லை, கண்ணாடியையே மிக நுண்ணியதாகச் செதுக்குகிறார்கள்.

மேட்டிலும் பல தரம் உண்டு. தனி மானிட்டர்களின் ஸ்பெக் தாளில் "ஹேஸ் 25%, 3எச்" என்பதுபோல எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஹேஸ் என்பது மேற்பரப்பு வழியே வரும் ஒளியில் எவ்வளவு பங்கு நேர்வழி விலகிச் சிதறுகிறது என்பதைச் சொல்கிறது. 3எச் என்பது பென்சிலின் கடினத்தை வைத்துக் கீறல் தாங்கும் திறனைக் குறிப்பது. ஹேஸ் கூடினால் பிரதிபலிப்பு நன்றாகக் கலையும், ஆனால் எழுத்தின் ஓரம் மென்மையாகும். லேப்டாப் தாள்களில் இந்த எண்ணைப் பார்ப்பது அரிது. அதனால் நேரில் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

அப்புறம், ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று திரைகள் வருவது சர்வசாதாரணம். 250 நிட்ஸ் மேட் ஒன்று, 400 நிட்ஸ் கிளாஸி டச் ஒன்று, ஓஎல்இடி ஒன்று. விமர்சனத்தில் புகழ்ந்த திரை ஒன்றாகவும் பெட்டியில் வருவது வேறாகவும் இருக்கலாம். மாடல் பெயரோடு நிற்காமல் முழு மாடல் எண்ணையும் வைத்துத் தேடுங்கள்.

ஐந்தாம் படி: நேரில் பார்க்கும்போது

விற்பவர் போட்டுக் காட்டும் வீடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். முதலில் திரையை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

அணைத்த திரைமேல் கைபேசி டார்ச்சைக் காட்டுங்கள். ஒளி கூர்மையான புள்ளியாக, வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சில்லாத கிளாஸி. கூர்மையாக இருந்தும் ஊதா, பச்சை, நீலம் என்று சாயலடித்து மங்கலாகத் தெரிந்தால் ஆன்டி-ரிஃப்ளெக்டிவ் பூச்சு இருக்கிறது. புள்ளி கலைந்து பஞ்சுபோலப் பரவினால் மேட். எவ்வளவு அகலமாகப் பரவுகிறதோ அவ்வளவு கனமான மேட். இரண்டு லேப்டாப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதைச் செய்தால் ஸ்பெக் தாள் சொல்லாததெல்லாம் தெரிந்துவிடும்.

அடுத்து, திரையைப் போட்டு வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறங்கள். காலி டாக்குமென்ட் போதும். மேட் திரை என்றால் வெள்ளைமேல் பொடிப்பொடியாக ஏதோ மினுங்குகிறதா, தலையை அசைத்தால் அந்த மினுக்கம் நகர்கிறதா என்று பாருங்கள். மேற்பரப்பின் சொரசொரப்பு, பிக்சலின் அளவுக்கு நெருக்கமாகும்போது இது வரும். ரெசல்யூஷன் கூடினால் பிக்சல் சின்னதாகும், கனமான மேட்டில் மினுக்கமும் கூடும். சிலருக்கு இது கண்ணிலேயே படாது. சிலருக்கு ஒரு தடவை பட்டுவிட்டால் பிறகு அதைத் தவிர வேறெதுவும் தெரியாது. நீங்கள் எந்த ரகம் என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

தமிழ் எழுத்தை வைத்துப் பார்ப்பதும் முக்கியம். ஆங்கில எழுத்தைவிட நம் எழுத்தில் சுழியும் வளைவும் நெருக்கம் அதிகம். சிறிய அளவில் "ணை", "ஞூ", "ஷ்" போன்றவற்றின் உட்பகுதி அடைபடாமல் தெரிகிறதா என்று கவனியுங்கள். கனமான மேட் முதலில் கை வைப்பது அங்கேதான்.

கடைசியாக, வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, இருக்கிற இடத்திலேயே பிரகாசமான விளக்குக்கு எதிராகத் திருப்பி ஒரு பத்தியைப் படித்துப் பாருங்கள். லேப்டாப் சார்ஜரில் சொருகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் ஓடும்போது வெளிச்சத்தைத் தானாகவே குறைக்கும் மாடல்கள் நிறைய.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. விமர்சனப் படங்களில், திரை அணைந்த நிலையில் எடுத்ததும் வெளிவெளிச்சத்தில் எடுத்ததும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவைக் குறித்துக்கொண்டு, வந்த அன்றே டார்ச் சோதனையையும் வெள்ளைப் பக்கச் சோதனையையும் முடித்துவிடுங்கள்.

ஆறாம் படி: உங்கள் வேலைக்குப் பொருத்துவது

நாள் முழுக்க எழுத்தும் அட்டவணையும் கோடிங்கும்தான் என்றால், இடத்தை மாற்ற முடியாது என்றால், லேசான மேட், 300 நிட்ஸ் அல்லது அதற்கு மேல். யோசிக்க அதிகமில்லை. 250 நிட்ஸில் வரும் கனமான மேட்டைத் தவிருங்கள். பிரதிபலிப்பிலிருந்து தப்பி மங்கலில் மாட்டிக்கொள்வீர்கள்.

படம், தொடர், விளையாட்டு, அதுவும் இரவில், வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய அறையில் என்றால் கிளாஸிதான் அழகு. ஓஎல்இடி கிடைத்தால் இன்னும் நல்லது.

புகைப்படம், வடிவமைப்பு வேலை செய்கிறவர்களிடம் "கிளாஸியில்தான் நிறம் சரியாகத் தெரியும்" என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. நிறம் துடிப்பாகத் தெரிவது வேறு, சரியாகத் தெரிவது வேறு. எய்சோ கலர்எட்ஜ் போன்ற, நிறத் துல்லியத்துக்கென்றே செய்த தொழில்முறை மானிட்டர்கள் மேட் மேற்பரப்போடுதான் வருகின்றன. கூடவே பக்க வெளிச்சத்தை மறைக்க ஒரு மறைப்பும் மாட்டுவார்கள். நிறத்துக்குப் பார்க்க வேண்டியது, திரை எத்தனை நிறங்களைக் காட்டும் என்பதை அளக்கும் எஸ்ஆர்ஜிபி எவ்வளவு சதவீதம், டிசிஐ-பி3 எவ்வளவு சதவீதம், நிறப் பிழையைச் சொல்லும் டெல்டா-ஈ எவ்வளவு என்பவை. 45 சதவீத என்டிஎஸ்சி (இதுவும் அப்படியொரு நிற அளவுகோல்) என்று போட்டிருக்கும் பேனல், மேலே எவ்வளவு பளபளத்தாலும் வெளிறின பேனல்தான்.

பேனாவால் திரைமேல் வரைகிறவர்கள், வழுக்குகிற கண்ணாடியைவிடச் சற்று உரசல் தரும் மேற்பரப்பைத்தான் விரும்புவார்கள். ஆனால் அந்த உரசல் பேனா முனையையும் சேர்த்துத் தேய்க்கும்.

எல்லாம் கலந்து செய்கிறேன், ஒன்றை மட்டும் சொல் என்றால்: 400 நிட்ஸுக்கு மேல், நல்ல ஆன்டி-ரிஃப்ளெக்டிவ் பூச்சு போட்ட கிளாஸி கைக்கெட்டினால் அது. எட்டாவிட்டால் லேசான மேட். பூச்சே இல்லாத, 300 நிட்ஸுக்குக் கீழான கிளாஸியை மட்டும் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். விலை குறைந்த டச் ஸ்கிரீன் மாடல்களில் அந்தக் கூட்டணிதான் அடிக்கடி வருகிறது.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால்

மேசையைத் திருப்பிப் பாருங்கள். ஜன்னல் உங்கள் இடப்பக்கமோ வலப்பக்கமோ வரட்டும். முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், திரைக்குப் பின்னாலும் வேண்டாம். திரைக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் பிரதிபலிப்பு வராது, ஆனால் பிரகாசமான வானத்துக்கு எதிரே மங்கலான திரையைப் பார்த்துக் கண் களைத்துவிடும். மெல்லிய திரைச்சீலை போட்டாலும் வானத்தின் பிரகாசம் கணிசமாகக் குறையும்.

கிளாஸிமேல் ஒட்டும் மேட் படலங்கள் கிடைக்கின்றன. பிரதிபலிப்பைக் கலைப்பதில் வேலை செய்கின்றன. ஆனால் தொழிற்சாலையில் செய்த மேட்டைப் போல இருக்காது. படலத்துக்கும் பிக்சலுக்கும் இடையே கண்ணாடியின் தடிமன் இருப்பதால் எழுத்து கூடுதலாக மழுங்கும், மினுக்கமும் கூடும். மெல்லிய லேப்டாப்புகளில் இன்னொரு சிக்கல்: மூடும்போது திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. தடித்த படலமோ கேமராவை மறைக்கும் மூடியோ வைத்து அழுத்தி மூடினால் திரை விரிசல் விடலாம். ஓரத்தில் மட்டும் பிடித்துத் தொங்கும், தேவைப்படும்போது மாட்டிக் கழற்றும் வகை தேவலை. கழற்றிவிட்டுத்தான் மூட வேண்டும். எதிர்த்திசையில், மேட் பூச்சை ஈரக் காகிதம் வைத்து ஊறவைத்து உரிக்கும் வீடியோக்கள் உலவுகின்றன. அந்தப் பூச்சு ஒளியை வடிகட்டும் போலரைசர் தாளின் மேல்பரப்பிலேயே இருக்கிறது; கை தவறினால் போவது பேனல்.

துடைக்கும் முறையிலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பூச்சில்லாத கிளாஸியில் விரல் தடம் பளிச்சென்று தெரியும், துடைத்தால் சட்டென்று போய்விடும். ஆன்டி-ரிஃப்ளெக்டிவ் பூச்சுமேல் தடம் இன்னும் எடுப்பாகத் தெரியும், ஏனென்றால் எண்ணெய் பட்ட இடத்தில் அலைகள் அழித்துக்கொள்ளும் கணக்கு கெட்டு, அங்கே மட்டும் பிரதிபலிப்பு திரும்பி வருகிறது. மேட்டில் தடம் எளிதில் தெரியாது, ஆனால் எண்ணெய் அந்த நுண்ணிய பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். கறையைப் போக்க ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் வழவழப்பாகி நிரந்தரமாகப் பளபளக்கும். மூன்றுக்குமே லேப்டாப்பை அணைத்துவிட்டு, மைக்ரோஃபைபர் துணியைக் காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்து, அழுத்தாமல் ஒரே திசையில் துடைத்தால் போதும். நீரைத் துணிமேல் விடுங்கள், திரைமேல் தெளிக்காதீர்கள். வழிந்து கீழ் விளிம்புக்குள் போய்விடும். ஜன்னல் துடைக்கும் அமோனியா கலந்த திரவங்கள் பூச்சுகளைப் பாழாக்கும். நேனோ-டெக்ஸ்ச்சர் வகையாக இருந்தால் கூடவே ஒரு துணி கொடுத்திருப்பார்கள். அதைத் தொலைக்காமல் வைத்திருங்கள், வேறு துணியால் துடைக்கும் முன் அதன் கையேட்டைப் பாருங்கள்.